சிட்னி ஃபன்னல்-வெப் ஸ்பைடர்: எல்லாரும் கேக்குற கேள்விகள், கொஞ்சம் நீளமான பதில்கள்

சிட்னிக்கு புதுசா வந்தவங்க யாரா இருந்தாலும் முதல் வாரத்துலயே யாராவது ஒரு கறுப்பு சிலந்தி படத்த ஃபோன்ல அனுப்பி "இது கடிச்சா அரை மணி நேரத்துல ஆள் காலி"ன்னு பயமுறுத்தி வெச்சிருப்பாங்க, அப்புறம் அவங்க சுவத்துல எது ஓடினாலும் அதுவா இதுவான்னு கேட்டுட்டே இருப்பாங்க. அந்தக் கேள்விகள எல்லாம் ஒரே எடத்துல சேத்து வெச்சிருக்கேன். என்னோட கருத்த முன்னாடியே சொல்லிடறேன்: இந்த சிலந்தி எந்த மாதிரி மண்ணுல, எந்த மாதிரி எடத்துல வாழுதுன்னு புரிஞ்சுக்கிட்டா எங்க பயப்படணும், எங்க பயப்பட வேண்டாம்னு தன்னால தெரிஞ்சுடும். முதலுதவி விஷயத்துக்கு மட்டும் கீழ இருக்கற கடி பத்தின பதில நேரா போய்ப் படிச்சுக்கோங்க.

பாத்தா எப்படி இருக்கும்? எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?

முதல்ல பாக்க வேண்டியது பளபளப்பு. தலையும் மார்பும் சேந்த முன்பக்கம் முடியே இல்லாம பாலிஷ் போட்ட மாதிரி மின்னும், நிறம் கறுப்பு இல்லன்னா கரும்பழுப்பு. பின்னாடி வயிறு அந்த அளவுக்கு மின்னாது, மெல்லிசா வெல்வெட் மாதிரி முடி இருக்கும். உடம்பு மட்டும் 1 செ.மீ.லேந்து 5 செ.மீ. வரைக்கும், கால விரிச்சா இன்னும் பெருசா தெரியும். கோடு, புள்ளி, சிவப்பு, வெள்ளை எதுவும் முதுகுல இருக்காது. வயித்தோட பின் நுனியில ரெண்டு விரல் மாதிரி நூல் விடற உறுப்பு நீட்டிட்டு இருக்கும், கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தாலே தெரியும். ஆணுக்கு ரெண்டாவது கால் ஜோடியில நடுவுல முள்ளு மாதிரி ஒரு துருத்தல் இருக்கும், அது இனச்சேர்க்கை சமயத்துல பெண்ண பிடிச்சுக்கறதுக்கு. ஆனா அந்த முள்ள தேடிட்டு கிட்டப் போய் குனிஞ்சு பாக்காதீங்க, தயவுசெஞ்சு.

பல்லு விஷயம் தனி. வீட்டு சிலந்திகளுக்கு பல்லு ரெண்டும் இடுக்கி மாதிரி எதிரெதிரா மூடும். இதுக்கு அப்படி இல்ல, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கீழ்நோக்கி குத்தற மாதிரி இருக்கும். அதனாலதான் கடிக்கணும்னா முன்பக்கத்த தூக்கி, முன்னங்கால ரெண்டையும் மேல ஒசத்தி பின்னாடி சாஞ்சு நிக்கும். ஒரு நீளக் குச்சியால லேசா தொட்டா போதும் இந்த போஸ் வந்துடும், அப்ப டார்ச் அடிச்சுப் பாத்தா பல்லு நுனியில கண்ணாடி மாதிரி ஒரு சொட்டு விஷம் தொங்கறது தெரியும். பயமுறுத்தறதுக்கு காட்டற சும்மா போஸ்னு நெனச்சுடாதீங்க, அந்த நிலையிலேந்து அடுத்த நொடி குத்தும்.

இது எங்கதான் வாழும்?

மொத்த விஷயத்துக்கும் ஒரே சாவி ஈரம். இந்த சிலந்திக்கு உடம்புல இருக்கற தண்ணி சீக்கிரமா போயிடும், காஞ்ச காத்துல ரொம்ப நேரம் தாங்காது. அதனால மண்ணு ஈரமா, நிழலா, குளுமையா இருக்கற எடமாப் பாத்துதான் வளை தோண்டும். மணற்பாறை பள்ளத்தாக்கு, ஓடை ஓரம், வெயில் நேரா விழாத சரிவு, மக்கிப்போன மரக்கட்டைக்கு அடி, பாறை இடுக்கு இதெல்லாம் காட்டுல அதோட வீடு. ஊருக்குள்ள வந்தா அதே குணம் இருக்கற எடத்த தேடும்: ராக்கரி கல்லுக்கு அடியில, மண்ணு சரியாம தாங்கற ரிடெயினிங் வால் இடுக்குல, கம்போஸ்ட் குவியல் பக்கத்துல, அடர்த்தியா வளந்த புதருக்கு கீழ, டெக்குக்கு அடியில வெயிலே படாத மண்ணுல, எப்பவோ கொண்டுவந்து போட்டுட்டு மறந்துபோன செங்கல் அடுக்குக்கு அடியில. வெயில் சுட்டெரிக்கற திறந்த புல்வெளி நடுவுல வளை போடறது ரொம்ப அரிது.

நில அமைப்பா பாத்தா சிட்னிய சுத்தி மேட்டு நிலமும் காடும் இருக்கே, அதுதான் இதோட கோட்டை. வடக்க ஹார்ன்ஸ்பி பக்கத்து மேட்டு நிலம், அங்கேந்து சென்ட்ரல் கோஸ்ட், மேற்க ப்ளூ மவுண்டன்ஸ், தெற்க வொரனோரா மேட்டு நிலம். வடக்க நியூகாசில்லேந்து தெற்க நவ்ரா வரைக்கும், மேற்க லித்கோ வரைக்கும்னு இதோட எல்லைய பொதுவா சொல்லுவாங்க. சிட்னியோட வடக்குப் பக்கம் நார்த் ஷோர்ல தெரு முடிஞ்சா புஷ், அதாவது காடு, ஆரம்பிக்கும், அந்த மாதிரி புஷ்ஷ ஒட்டி இருக்கற வீடுகள்ல இத பாக்கறது ஒண்ணும் அதிசயம் இல்ல. நாம போய் அதோட எடத்துல வீடு கட்டிட்டு அது ஏன் இங்க வருதுன்னு கேக்கறோம்.

வளைய எப்படி கண்டுபிடிக்கிறது?

பேருல ஃபன்னல் இருக்கறதால புனல் மாதிரி அழகா ஒரு வலை இருக்கும்னு தேடுவாங்க, அது கண்ணுல படாது. வாசல்ல இருக்கறது மங்கலான வெள்ளையா பட்டுக்குழாய் மாதிரி ஒண்ணு, சில சமயம் ரெண்டு வாசலா பிரிஞ்சிருக்கும். அந்த வாசலச் சுத்தி தரையில ஒழுங்கே இல்லாம நாலா பக்கமும் நூல் ஓடும், கல்லு மேல, காஞ்ச இலை மேல எல்லாம் ஒட்டிக்கிட்டு. அதுதான் அதோட காலிங் பெல். உள்ள குழாய் முழுக்க பட்டு பூசி 30 செ.மீ. இல்லன்னா அதுக்கு மேலயும் போகும்.

பகல்ல பாத்தா பழைய சிலந்திக்கூடு மாதிரி கேவலமா இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேல டார்ச்ச கொஞ்சம் சாய்ச்சு அடிச்சா நூல் எல்லாம் வெள்ளியா தெரியும், குழாய் வாயில முன்னங்கால் நாலு நுனி மட்டும் நூல் மேல வெச்சுக்கிட்டு அசையாம உக்காந்திருக்கும். ஒரு கரப்பான் வந்து அந்த நூல்ல கால் வெச்சா பாயறது, பிடிக்கறது, உள்ள இழுக்கறது எல்லாம் நீங்க கண்ண சிமிட்டறதுக்குள்ள முடிஞ்சுடும், மறுபடி அந்த நூல் மட்டும் லேசா ஆடிட்டு இருக்கும்.

தரையில வட்டமா சுத்தமா ஓட்டை மட்டும் இருந்து, சுத்தி நூலே இல்லன்னா அது பெரும்பாலும் டிராப்டோர் சிலந்தியோட வளை, இல்லன்னா வேற ஏதாவது பூச்சியோடது.

நாங்க டூங்காபி, வென்ட்வொர்த்வில், பிளாக்டவுன் பக்கம் இருக்கோம். இங்க வருமா?

நம்ம ஆளுங்க நெறய பேரு இருக்கற ஏரியா, அதனால இந்தக் கேள்விதான் அதிகம். சிட்னிக்கு மேற்க இருக்கற அந்தப் பக்கம் மண்ணு களிமண், மழையும் கம்மி, வெயில் ஜாஸ்தி. அதனால நார்த் ஷோரோட ஒப்பிட்டா வாய்ப்பு ரொம்ப கம்மி. ஆனா ஓடை ஓரமா நிழலான எடம் எங்கயும் இருக்கும், லாரியில வர்ற மண்ணு, பாறை, மல்ச் (செடிக்கு அடியில பரப்பற மரச்சிராய்) கூடவும் எதுவும் வரலாம், அதனால சுத்தமா கெடையவே கெடையாதுன்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன்.

மேற்குப் பக்கம் இதுக்கு பதிலா மவுஸ் ஸ்பைடர்னு ஒண்ணு இருக்கு, அதுவும் குட்டையா, தடியா, கறுப்பா பளபளன்னு இருக்கறதால எல்லாரும் ஃபன்னல்-வெப்னு நெனச்சு அலறுவாங்க. அதுக்கு தலை ரொம்ப உப்பலா, தாடை பெருசா இருக்கும், சில வகை ஆணுக்கு வயித்து மேல வெளிர்நீல திட்டு இருக்கும். அதோட கடிக்கும் இதே முதலுதவிதான், ஃபன்னல்-வெப் மருந்தே அதுக்கும் வேலை செய்யும், அதனால கடிச்சது எதுன்னு வாக்குவாதம் பண்ணிட்டு நிக்காதீங்க.

அது வளைக்குள்ளயே இருக்கும்னா வீட்டுக்குள்ள ஏன் வருது?

வர்றது ஆண். பெண் பொறந்து கொஞ்சம் வளந்து ஒரு வளை தோண்டிட்டா அனேகமா சாகற வரைக்கும் அங்கயேதான், யாராவது தோண்டினாலோ வெள்ளம் வந்தாலோதான் வெளிய வரும். ஆண் ரெண்டு மூணு வருஷம் வளையில வளந்து, பருவம் வந்ததும் வீட்ட விட்டுட்டு பெண்ணத் தேடி கிளம்பிடும், அதுக்கப்புறம் அதுக்கு நிரந்தர எடம் கிடையாது, சில மாசத்துல செத்தும் போயிடும். நவம்பர்லேந்து ஏப்ரல் வரைக்கும், புழுக்கமான ராத்திரி, அதுலயும் மழை பெஞ்ச மறுநாள், இதான் அது அலையற நேரம். ராத்திரி பூரா நடக்கும், விடியறப்ப வெளிச்சத்துக்கும் வறட்சிக்கும் பயந்து கிடைச்ச இருட்டான ஈர எடத்துல பூந்துக்கும். அந்த எடம் மரக்கட்டையாவும் இருக்கலாம், லாண்ட்ரி கதவுக்கு கீழ இருக்கற இடுக்காவும் இருக்கலாம், வெளிய கழட்டிப் போட்ட உங்க ஷூவாவும் இருக்கலாம்.

அதனால செய்ய வேண்டியது சின்ன சின்ன விஷயம்தான். கதவுக்கு அடியில இடைவெளி இருந்தா ரப்பர் பட்டை போட்டு அடைங்க. ஷூ, கிளவ்ஸ், பசங்க விளையாட்டு சாமான் வெளிய கிடந்தா போடறதுக்கு முன்னாடி தட்டிப் பாருங்க. தரையில துணி, டவல் குவிச்சு வைக்காதீங்க, அதுவும் ஈர டவல். ராத்திரி தோட்டத்துக்குப் போனா செருப்பு போதாது, மூடின ஷூ போடுங்க. செங்கல், கல்லு நகத்தறப்ப தடியான கிளவ்ஸ்.

சுவத்துல கையகலத்துக்கு ஒண்ணு ஒக்காந்திருக்கு, இதானா அது?

இல்ல. அது ஹன்ட்ஸ்மேன். தட்டையா, பழுப்பா, காலெல்லாம் நண்டு மாதிரி பக்கவாட்டுல விரிஞ்சு, சுவத்துலயும் சீலிங்லயும் கார் சன் வைஸருக்கு பின்னாடியும் இருக்கறது அதுதான். ஆளக் கொல்லாது, கரப்பான் சாப்பிடும், என்னக் கேட்டா வாடகை கேக்காம வீட்லயே விட்டுடலாம். கார் ஓட்டறப்ப திடீர்னு கண்ணு முன்னாடி எறங்கினா நீங்க பதட்டப்படறதுதான் ஆபத்து.

ஃபன்னல்-வெப் வழுவழுப்பான எதுலயும் ஏற முடியாது. கண்ணாடி, வழவழ பிளாஸ்டிக், பெயின்ட் அடிச்ச சுவர் எல்லாம் அதுக்கு சறுக்கும். தரையோட தரையா கனமா நடந்து போகும். ஜன்னல் மூலையில பஞ்சு மாதிரி வலை கட்டி கறுப்பா இருக்கறது பிளாக் ஹவுஸ் ஸ்பைடர், அதையும் நெறய பேரு இதுன்னு நெனச்சு போட்டோ அனுப்புவாங்க.

ஒரே இனமா, பலதா? ஏதோ மூணா பிரிச்சுட்டாங்கன்னு நியூஸ்ல வந்துதே?

ஆமா. இங்கிலாந்துக்காரர் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் 1877-ல அட்ராக்ஸ் ரோபஸ்டஸ்னு பேரு வெச்சதுலேந்து இத ஒரே இனமாத்தான் பாத்துட்டு இருந்தாங்க. 2025 ஜனவரியில உடல் அமைப்பு, டி.என்.ஏ ரெண்டையும் வெச்சு மூணா பிரிச்சாங்க. அசல் அட்ராக்ஸ் ரோபஸ்டஸ் வடக்கு சிட்னி, சென்ட்ரல் கோஸ்ட் பக்கம். அட்ராக்ஸ் மொன்டானஸ் சிட்னிக்கு தெற்கயும் மேற்கயும், ப்ளூ மவுண்டன்ஸ் உட்பட. மூணாவது நியூகாசில் பக்கத்துல மட்டும் இருக்கற அட்ராக்ஸ் கிறிஸ்டென்செனி, இது மத்த ரெண்டையும் விட பெருசு, கால விரிச்சா 9 செ.மீ.யும் கொஞ்சம் தாண்டும். ஆஸ்திரேலியன் ரெப்டைல் பார்க்ங்கற ஊர்வன பூங்காவுல சிலந்திப் பிரிவப் பாத்துக்கிட்ட கேன் கிறிஸ்டென்சென் இதோட அளவப் பாத்து முதல்ல சந்தேகப்பட்டவரு, அதான் அவரு பேரு.

இந்தக் குடும்பத்துலயே மொத்தமா 30-க்கும் மேல இனங்கள் கிழக்கு, தெற்கு ஆஸ்திரேலியாவுல இருக்கு. அதுல சிலது மரத்துலயே வாழும். உங்களுக்கு முக்கியமானது ஒண்ணுதான், மூணா பிரிச்சதால மருந்து மாறல, எல்லாத்துக்கும் ஒரே ஆன்டிவெனம் (விஷமுறிவு மருந்து) வேலை செய்யும்.

என்ன சாப்பிடும்?

வண்டு, கரப்பான், புழு, மரவட்டை, நத்தை, எப்பவாவது சின்ன தவளை. வாசல் நூல்ல எது கால் வெக்குதோ அது.

எத்தனை வருஷம் வாழும்? குட்டி போட்டு பெருகிடுமா?

பெண் 10 வருஷம், அதுக்கு மேலயும் வாழும். ஒரு பட்டுப் பையில 100-க்கும் மேல முட்டை இட்டு வளைக்குள்ளயே வெச்சு காக்கும், மூணு வாரத்துல பொரிஞ்சு குட்டிங்க சில மாசம் அம்மா கூடவே இருந்துட்டு அப்புறம் வெளிய வந்து தனித்தனியா வளை தேடும். காத்துல நூல் விட்டு பறந்து போற வேலையெல்லாம் இதுக்கு வராது, நடந்து போற தூரம்தான், அதனால நல்ல ஈரமான எடம் ஒண்ணு கிடைச்சா அதே சரிவுல பக்கத்து பக்கத்துல நெறய வளை இருக்கும், ரெண்டு தெரு தள்ளி ஒண்ணுகூட இருக்காது. எங்க பேக்யார்ட்ல இருக்கு, பக்கத்து வீட்ல இல்லங்கறது இதனாலதான். குட்டிகள்ல பெரும்பாலானது பெருசாகறதில்ல, வறட்சியிலயும் பறவை, பல்லி, பூரான் வாயிலயும் போயிடும்.

நாயும் பூனையும் இத கடிச்சு விளையாடுது, அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாதா?

பெரும்பாலும் ஆகாது, இதுதான் இந்த விஷத்துல விசித்திரம். நாய், பூனை, முயல் எல்லாம் நல்லா தாங்கும். மனுஷனும் குரங்கும்தான் மாட்டிக்கும். குரங்கே இல்லாத கண்டத்துல கோடிக்கணக்கான வருஷமா வாழ்ந்த சிலந்திக்கு குரங்கு இனத்த தாக்கற விஷம் எதுக்குன்னு ரொம்ப நாளா யாருக்கும் புரியல.

இது எப்படி வேலை செய்யுதுன்னா, நரம்புல சோடியம் உள்ள போற ஒரு வாசல் இருக்கு, சிக்னல் போனதும் அது மூடிக்கணும். டெல்டா-ஹெக்ஸாடாக்ஸின்ங்கற இந்தப் புரதம் அத மூட விடாது. மூளை எதுவுமே சொல்லாம நரம்பு தானா அடுத்தடுத்து சிக்னல் அனுப்பிட்டே இருக்கும், தசையெல்லாம் துடிக்கும், வேர்வை, எச்சில், கண்ணீர் எல்லாம் கொட்டும்.

ஆணோட விஷம் பெண்ணோடத விட பல மடங்கு கடுமை. 2020-ல வந்த ஒரு ஆய்வு இதுக்கு ஒரு விளக்கம் குடுத்துது: வளைய விட்டு வெளிய அலையற ஆணுக்குத்தான் எதிரிங்க ஜாஸ்தி, அதனால முதுகெலும்புள்ள எதிரிகளுக்கு வலி குடுக்கற மாதிரி அதோட விஷம் மாறிடுச்சு, மனுஷன் அதுல தற்செயலா சிக்கிக்கிட்டான். படிச்சப்ப எனக்கு இது ரொம்ப பொருத்தமா பட்டுது, ஏன்னா வளைக்குள்ளயே இருக்கற பெண்ணுக்கு அந்த தேவையே இல்லயே.

இதுவரைக்கும் எத்தனை பேரு செத்திருக்காங்க?

பதிவானது 13 பேரு, 1927-லேந்து 1980 வரைக்கும், முதல் பதிவே ஒரு 2 வயசு பையன். எல்லாமே ஆண் சிலந்தி கடிச்சதுனு சொல்றாங்க. 1981-ல ஆன்டிவெனம் பயன்பாட்டுக்கு வந்ததுக்கு அப்புறம் ஒருத்தர்கூட சாகல. அந்த ஃபோன் மெசேஜ் அனுப்பறவங்க இந்த கடைசி வரிய மட்டும் எப்பவும் விட்டுடுவாங்க.

கடிச்சுட்டா என்ன செய்யணும்?

கறுப்பா, பளபளப்பா, பெருசா ஒண்ணு கடிச்சா அது ஃபன்னல்-வெப்புனே வெச்சுக்கிட்டு நடந்துக்கோங்க. எல்லா கடியிலயும் விஷம் பெருசா ஏறாது, ஆனா அத நம்பி ஒக்காந்துட்டு இருக்கக்கூடாது, ஏறினா அரை மணி நேரத்துக்குள்ளயே காட்டும், குழந்தைங்களுக்கு இன்னும் வேகமா.

உடனே 000-க்கு கூப்பிட்டு ஆம்புலன்ஸ் கேளுங்க. சிலந்தி சில சமயம் பல்ல விடாம கவ்விக்கிட்டே இருக்கும், கையால பிடிக்காம எதையாவது வெச்சு தட்டி விடுங்க. கடிபட்டவர ஒக்கார வெச்சு, இல்லன்னா படுக்க வெச்சு அசையாம இருக்கச் சொல்லுங்க, நடக்க விடாதீங்க. அகலமான எலாஸ்டிக் பேண்டேஜ எடுத்து கடி மேல ஆரம்பிச்சு, விரல்லேந்து மேல தொடை வரைக்கும் இல்லன்னா தோள் வரைக்கும் முழு காலையோ கையையோ இறுக்கமா சுத்துங்க, சுளுக்குக்கு கட்டற இறுக்கம் இருக்கணும், ரத்த ஓட்டம் நிக்கக்கூடாது. அப்புறம் ஒரு கட்டையோ மடிச்ச நியூஸ்பேப்பரோ வெச்சு அசையாம கட்டுங்க. ஆஸ்பத்திரி போற வரைக்கும் அவுக்காதீங்க. கயிறு போட்டு இறுக்கறது, கீறி உறிஞ்சறது, வீட்ல இருக்கற எதையாவது அரைச்சு தடவறது எதுவும் வேண்டாம்.

இந்தக் கட்டு எதுக்குன்னா விஷம் நிணநீர் வழியா பரவறது மெதுவாகும், ஆஸ்பத்திரி போக நேரம் கிடைக்கும். வாயச் சுத்தி மதமதப்பு, நாக்கு துடிப்பு, புல்லரிப்பு, வேர்வை, எச்சில் ஊத்தறது, வாந்தி, குழப்பம், மூச்சு விட கஷ்டம் இதெல்லாம் விஷம் ஏறினதுக்கு அடையாளம்.

ரெட்பேக்ங்கற இன்னொரு விஷச் சிலந்தி கடிச்சா இந்தக் கட்டு போடக்கூடாது, அதுக்கு ஐஸ் பேக் மட்டும், ஏன்னா அந்த விஷம் மெதுவா போகும், கட்டினா வலிதான் கூடும். ரெண்டையும் கொழப்பிக்காதீங்க. எதுன்னு தெரியாம உடம்பு நல்லா இருந்தா 13 11 26-ல பாய்ஸன்ஸ் இன்ஃபர்மேஷன் சென்டர் இருக்கு, எந்த நேரமும் பேசலாம், இங்கிலீஷ் தயக்கமா இருந்தா தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேளுங்க.

ஆன்டிவெனம் எப்படி செய்யறாங்க? யாரு கண்டுபிடிச்சா?

மெல்பர்ன்ல காமன்வெல்த் சீரம் லேபரட்டரீஸ்ல வேலை பாத்த டாக்டர் ஸ்ட்ரூவன் சதர்லாண்ட். மேல சொன்ன அந்த பேண்டேஜ் முறைய கொண்டுவந்ததும் இவருதான், அதாவது கடிச்ச எடத்துலேந்து ஆஸ்பத்திரி வரைக்கும், ஆஸ்பத்திரிக்கு அப்புறம்னு ரெண்டையும் ஒரே ஆள் யோசிச்சிருக்காரு. வருஷக்கணக்குல முட்டி மோதி 1980 கடைசியில மருந்து தயாராச்சு.

இன்னைக்கும் மூலப்பொருள் உயிரோட இருக்கற ஆண் சிலந்திதான். கோஸ்ஃபர்ட் பக்கம் சோமர்ஸ்பியில இருக்கற ஆஸ்திரேலியன் ரெப்டைல் பார்க்ல சிலந்திய சீண்டி அந்த பின்சாயற போஸ்ல நிக்க வெச்சு, பல்லு நுனியில வர்ற சொட்ட கண்ணாடிக் குழாயால உறிஞ்சி எடுக்கறாங்க. அந்த விஷத்த கொஞ்சம் கொஞ்சமா முயலுக்கு ஏத்தி, முயல் ரத்தத்துல உருவாகற எதிர்ப்பொருள பிரிச்சு மருந்தாக்கறாங்க. ஒரு குப்பிக்கு ஏறக்குறைய 150 தடவை விஷம் எடுக்கணும்னு சொல்றாங்க. ஆஸ்பத்திரியில ஆரம்பிக்கறதே ரெண்டு குப்பியில, மோசமா இருந்தா இன்னும் போகும். இதனாலதான் ரெப்டைல் பார்க் ஒவ்வொரு வருஷமும் மக்கள்கிட்ட சிலந்திய பிடிச்சுக் கொண்டுவாங்கன்னு கேட்டுட்டே இருக்கு.

அப்ப நாங்களும் பிடிச்சு குடுக்கலாமா?

தைரியம் இருந்தா மட்டும். அகலமான வாய் இருக்கற கண்ணாடி இல்லன்னா வழவழ பிளாஸ்டிக் ஜாடிய படுக்க வெச்சு, நீளமான கரண்டியோ ஸ்கேலோ வெச்சு உள்ள தள்ளி, நிமித்திட்டு மூடி போடுங்க, ஜாடி சுவத்துல அதால ஏறி வர முடியாது. மூடியில சின்ன ஓட்டை, உள்ள கொஞ்சம் ஈர மண்ணு இல்லன்னா ஈரப் பஞ்சு, இல்லன்னா காஞ்சு செத்துடும். பார்க்லயும், அவங்க அறிவிக்கற சில ஆஸ்பத்திரிகள்லயும் வாங்கிப்பாங்க. 2024-ல இப்படி பொதுமக்கள் கொண்டுவந்து குடுத்த ஹெர்குலிஸ்ங்கற ஆண் கால விரிச்சா 7.9 செ.மீ. இருந்துது, அடுத்து நியூகாசில்லேந்து வந்த ஹெம்ஸ்வொர்த் 9.2 செ.மீ.

குழந்தைங்கள வெச்சுக்கிட்டு இந்த விளையாட்டு வேண்டாம். கை நடுங்கற ஆளா இருந்தாலும் வேண்டாம், ஒரு பாத்திரத்த கவுத்து மேல கல்லு வெச்சுட்டு யாரையாவது கூப்பிடுங்க.

பூல்ல செத்துக் கிடந்துது, எடுத்து போட்டுடலாமா?

செத்துப்போச்சுன்னு யாரு சொன்னா? ராத்திரி அலையற ஆண் பூல்ல விழுந்துடும், வயித்து முடியில ஒரு காத்துக்குமிழி ஒட்டிக்கிட்டு ஒரு நாளுக்கு மேலகூட தண்ணிக்கு அடியில உயிரோட இருக்கும். கால் மடக்கி அடியில கிடக்கும், வெளிய எடுத்து கொஞ்ச நேரத்துல எழுந்து நிக்கும். கையால தொடவே கூடாது, நீளக் கைப்பிடி வலையால எடுங்க. பூல் குப்பைய பிடிக்கற ஸ்கிம்மர் கூடைக்குள்ள கைய விடறதுக்கு முன்னாடி மூடியத் திறந்து முழுசா பாருங்க, நவம்பர்லேந்து ஏப்ரல் வரைக்கும் இது பழக்கமாவே ஆகணும்.

பெஸ்ட் கன்ட்ரோல் ஆள வரவழைச்சு முழுசா அழிச்சுடலாமா?

காசு உங்களோடது. ஆனா மண்ணுக்குள்ள பட்டுக்குழாய் அடியில இருக்கறத மேலாப்புல அடிக்கற மருந்து சரியா தொடாது. அப்படியே தொட்டாலும் ஆண் வர்றது உங்க வளையிலேந்து இல்ல, வேலிக்கு அந்தப் பக்கத்து புஷ்லேந்து, மருந்து அடிச்ச மறு மழைக்கே புதுசு ஒண்ணு நடந்து வரும். சுவர ஒட்டின மல்ச், கட்டை, செங்கல் குவியல நகத்தி அந்த ஓரத்த காய விட்டீங்கன்னா அதுவே பாதி வேலை. வீட்டு சுவர ஒட்டி தினமும் தண்ணி ஊத்தி ஈரமாவே வெச்சுக்கற பழக்கம் இருந்தா அதையும் கொஞ்சம் கொறைக்கலாம்.

தாவுமாமே? ஆள துரத்துமாமே?

தாவாது, துரத்தாது. மூலையில மாட்டிக்கிட்டா ஓடாம எதிர்த்து நிக்கும், அந்த நிக்கறத பாத்துட்டுதான் துரத்துதுன்னு கதை கட்டினாங்க. ரெண்டு அடி பின்னாடி போனீங்கன்னா அதுவும் அதோட வழியப் பாத்து போயிடும்.

இவ்வளவு விஷம் இருக்கே, இதால ஏதாவது நல்லது உண்டா?

உண்டு. இதோட சொந்தக்கார இனம், குயின்ஸ்லாந்துல கரி தீவுல (முன்னாடி ஃப்ரேசர் தீவுன்னு சொல்லுவாங்க) இருக்கற ஃபன்னல்-வெப்போட விஷத்துலேந்து ஹெச்.ஐ.1ஏ-ங்கற ஒரு புரதத்த குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துல பிரிச்சிருக்காங்க, ஸ்ட்ரோக், ஹார்ட் அட்டாக் வர்றப்ப செல்லு சாகறத தடுக்குமான்னு பாக்கறாங்க, எலிகள்ல நல்ல பலன் தெரிஞ்சுது. ப்ளூ மவுண்டன்ஸ்ல இருக்கற இன்னொரு இனத்தோட விஷத்துல இருக்கற ஒரு புரதத்த மாதிரியா வெச்சு பயிர்ப்பூச்சி மருந்தும் செஞ்சு விக்கறாங்க. அது பூச்சியத்தான் தாக்கும், தேனீயையும் நம்மளையும் அவ்வளவா தொடாதுங்கறதுதான் அதோட மதிப்பு.

பேக்யார்ட்ல ஒரு வளை இருக்கு. கொதிக்கற தண்ணி ஊத்திடட்டுமா?

உள்ள இருக்கறது அனேகமா பெண். அது பாட்டுக்கு வருஷக்கணக்குல அங்கயேதான் இருக்கும், நீங்க கைய விட்டாத்தான் பிரச்சனை. பசங்க விளையாடாத மூலையா இருந்தா ஒரு குச்சி நட்டு அடையாளம் வெச்சுட்டு விட்டுடுங்க. குழந்தைங்க நடமாடற எடம், கதவுக்குப் பக்கம்னா ஆள் வெச்சு எடுக்கறது நியாயம்தான், அதுல நான் யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். நீங்களே மண்வெட்டிய எடுத்துக்கிட்டு தோண்ட மட்டும் போகாதீங்க, வளை நேரா கீழ போகாது, கல்லுக்கு அடியில வளைஞ்சு எங்கயோ போய் முடியும், நீங்க தோண்டற எடத்துக்கும் அது இருக்கற எடத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

வீடு வாங்கறப்ப இத யோசிக்கணுமா?

ரயில் ஸ்டேஷன், ஸ்கூல், கடன் வட்டி எல்லாத்தையும் யோசிச்சு முடிச்சு இன்னும் நேரம் இருந்தா யோசிங்க. புஷ்ஷ ஒட்டின வீடு பிடிச்சிருந்தா வாங்குங்க, கூடவே நல்ல அகலமான எலாஸ்டிக் பேண்டேஜ் ரெண்டு வாங்கி ஒண்ண வீட்லயும் ஒண்ண கார்லயும் போட்டு வெச்சு, எப்படி சுத்தறதுன்னு ஒருத்தர் கால்ல ஒருத்தர் ஒரு தடவை சுத்திப் பாத்துக்கோங்க.